பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்



சென்ற மாதப் பெற்றோர் வகுப்பு முடிந்து எல்லோரும் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி எங்களை நிறுத்திக் கேட்டார்: "சின்னப் புள்ளைங்களை ஊட்டுல உட்டுட்டு, நாங்க ரெண்டு பேரு மட்டும் ஒரு நாள் வெளியூர் போயிட்டு வந்தா தப்புங்களா?" மெல்லிய குரலில்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இதென்ன கேள்வி" என்பதும் அந்தப் பார்வையில் இருந்தது, "நானும் கேட்க நினைத்ததுதான்" என்பதும் இருந்தது. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயது. கணவரோடு உட்கார்ந்து ஆற அமர ஒரு டீ குடித்தது எப்போது என்று நினைவில்லை என்றார்.

வாசலில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதோடு, இந்த வகுப்பை நடத்தும் கணவன் மனைவியாகிய எங்களுக்கே இதில் ஒரு தோல்வி உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் சொல்வது சரியல்ல. ஆகவே இந்த மாதம் இதையே எழுதுகிறோம்.

ஷிப்ட் மாற்றும் பேச்சு

நம் வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுபுஹு பாங்குக்கு எழுந்தால் டிபன், டப்பா, சீருடை, எட்டு மணிக்கு ஸ்கூல் வேன். நடுவில் கைக்குழந்தை. மாலையில் வீட்டுப்பாடம், மஃக்ரிபுக்குப் பிறகு மக்தப், சாப்பாடு, தூக்கம். அத்தா மில்லில் இருந்தால் அந்த ஷிப்டும் இதோடு மோதும். இதற்கிடையில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவே செய்கிறார்கள், நிறையவே பேசுகிறார்கள். ஆனால் என்ன பேச்சு? பால் வாங்கியாச்சா, வேன் ஃபீஸ் கட்டியாச்சா, பாப்பாவுக்குச் சளி குறைஞ்சிருக்கா. எங்களில் ஒருவர் அன்னூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் அவரே சொன்னார்: இது புருஷன் பெண்டாட்டி பேச்சு இல்லை, ரெண்டு சூப்பர்வைசர் ஷிப்ட் மாத்தும்போது பேசிக்கிற பேச்சு என்று.

நம் கல்யாணப் பத்திரிகைகள் பலவற்றில் அர்ரூம் அத்தியாயத்தின் 21 ஆம் வசனம் அச்சிடப்பட்டிருக்கும். துணையிடத்தில் மன அமைதி பெறுவதையும், இருவருக்கிடையே அன்பையும் இரக்கத்தையும் அல்லாஹ் ஏற்படுத்தியதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அவன் கூறும் வசனம் அது. பத்திரிகை பீரோவுக்குள் போனபின் அந்த அமைதி எங்கே போனது என்று நாம் தேடுவதில்லை. பஞ்சாயத்துக்கு வரும் குடும்பங்களோடு பேசும்போது நாங்கள் பார்ப்பது இதுதான்: பல வீடுகளில் குடி இல்லை, கடன் இல்லை, பெரிய குற்றம் எதுவும் இல்லை. இருவரும் களைத்துப்போயிருக்கிறார்கள். ஒருவர் களைப்பு மற்றவருக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கிறது.

ஆக, அந்தச் சகோதரி கேட்டது ஊர் சுற்றும் ஆசை பற்றிய கேள்வி என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

எங்கள் முதல் பயணம்

இரண்டரை வருடம் இருக்கும். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை முடிந்திருந்தது, மூன்றாவது வயிற்றில். பிரசவம் ஆகிவிட்டால் எங்கும் நகர முடியாது, இப்போதே ஒரு நாள் உதகை போய் வந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நன்னிமா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மகளிடம் விஷயத்தைச் சொன்னோம், தலையாட்டிக்கொண்டாள். மகன்தான் சிக்கல். அழுவான், காலைக் கட்டிக்கொள்வான். அதனால் வாசலில் வண்டி நிற்கும்போது அவனிடம், "கடைக்குப் போயி முட்டாயி வாங்கிட்டு வந்துர்றோம் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். அவன் சந்தோஷமாகக் கையசைத்தான்.

அந்தக் கையசைப்பு எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

மாலை வரை கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். இருட்டியதும் அழ ஆரம்பித்தவன் வாந்தி எடுக்கும்வரை அழுதிருக்கிறான். முழங்கால் வலியோடு நன்னிமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நடந்திருக்கிறார்கள். எங்களுக்குப் போன் செய்யவில்லை, "நீங்க சந்தோசமா இருக்கட்டும்னு உட்டுட்டேன்" என்றார்கள். மறுநாள் நாங்கள் திரும்பியபோது அவன் ஓடி வரவில்லை. சுவர் ஓரமாக நின்று பார்த்தான். அம்மா தூக்கப்போனபோது தலையைத் திருப்பிக்கொண்டான். அடுத்த இரண்டு மாதம் அம்மா குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டிருப்பான். அத்தா வேலைக்குக் கிளம்பும்போது, "கடைக்கா?" என்று கேட்பான். இல்லை, மில்லுக்கு என்றால் நம்ப மாட்டான்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த மிட்டாயை நாங்கள் வாங்கி வரவே இல்லை. மறந்துவிட்டோம்.

பேரீச்சம்பழம் வைத்திருந்த தாய்

அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. அப்துல்லாஹ் பின் ஆமிர்(ரலி) அவர்கள் தம் சிறுவயதில் நடந்ததாக அறிவிக்கிறார்கள். நபி(ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தபோது தாயார் மகனைக் கூப்பிட்டு, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்றார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் அந்தத் தாயிடம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். நீ எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் சொன்னார்கள்.

இந்த ஹதீஸை நாங்கள் வகுப்பிலேயே பலமுறை சொல்லியிருக்கிறோம். நம் வாசலில், நம் மிட்டாய்க்கு அது பொருந்தும் என்று அன்று தோன்றவில்லை. சின்னக் குழந்தையிடம் சொல்லும் பொய்யை நாம் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊசி போடும்போது "வலிக்காது", கிளம்பும்போது "இதோ வந்துட்டேன்", போனைப் பிடுங்கும்போது "சார்ஜ் இல்லை". நபியவர்கள் அதைக் கணக்கில் சேர்த்தார்கள்.

குழந்தை மருத்துவம் சொல்வதும் இதற்குப் பக்கத்திலேயே வருகிறது. பெற்றோர் கண்ணில் படாவிட்டால் பதறும் பயம் சுமார் எட்டு மாதத்தில் தொடங்கும். பத்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை அது உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று வயதுக்குள் பெரும்பாலும் அடங்கும். இது பிள்ளையின் பிடிவாதம் அல்ல, செல்லம் கொடுத்துக் கெடுத்ததும் அல்ல. வளர்ச்சியின் ஒரு படி. போனவர்கள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை பலமுறை பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பிஞ்சு மனதில் உறுதிப்படும். அதனால்தான் தூங்கும்போது நழுவிப் போவதும், ஏமாற்றிவிட்டுப் போவதும் அழுகையைத் தடுப்பதில்லை. எந்த நேரமும் இவர்கள் காணாமல் போகலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போனால் அழும். அழட்டும். அந்த அழுகைக்கு ஒரு முடிவு இருக்கிறது.

எது ஆதாரம், எது ஆதாரமில்லை

கணவன் மனைவி பயணம் என்றதும் எல்லோரும் எடுத்துச் சொல்வது நபி(ஸல்) அவர்களும் ஆயிஷா(ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தி. ஒரு பயணத்தில் ஓடினார்கள், ஆயிஷா(ரலி) அவர்கள் முந்தினார்கள். பின்னொரு காலம், அவர்களுக்கு உடல் பருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள், நபியவர்கள் முந்தினார்கள், அன்றைக்கு இன்றைக்குச் சரி என்று சொன்னார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. அழகான செய்தி. ஆனால் ஒரு சகோதரர் வகுப்பில் கேட்டார்: "ஆயிஷா நாயகி அவர்களுக்குக் குழந்தை இல்லையே. நம்ம நெலமைக்கு இது எப்படிங்க ஆதாரம்?"

சரியான கேள்வி. மனைவியோடு விளையாடுவது கௌரவக் குறைவு அல்ல என்பதற்கு அது ஆதாரம். பிள்ளைகளை விட்டுப் போவதற்கு அது ஆதாரம் அல்ல. ஒரு செய்தியிலிருந்து அதில் இல்லாததை எடுக்கக் கூடாது.

நாங்கள் எடுத்துக்கொண்டது மூன்று. ஒன்று, அல்பகரா 233 ஆம் வசனம். பாலூட்டுவதற்கு முழுமையான இரண்டு வருடத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு முன்பே பால் மறக்கடிக்க நினைத்தால் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து மனமொத்துச் செய்தால் குற்றமில்லை என்கிறது. பால் மறக்கடிப்பது சின்ன விஷயம்தானே, அம்மாவே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விடவில்லை. தந்தை உத்தரவு போடட்டும் என்றும் இல்லை. பிள்ளையிடமிருந்து ஒரு படி விலகும் எந்த முடிவுக்கும் இதுவே முறை என்று நாங்கள் புரிந்துகொண்டோம். எங்கள் இரண்டாவது பயணத்தை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப் போட்டதும் இதை வைத்துத்தான். சின்னவள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முடியட்டும் என்று பேசி முடிவு செய்தோம். (மருத்துவர்கள் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளையை விட்டு இரவு தங்கும் பேச்சையே நாங்கள் எடுக்க மாட்டோம்.)

இரண்டாவது, ஸல்மான்(ரலி) அவர்கள் அபுத்தர்தா(ரலி) அவர்கள் வீட்டுக்குப் போன செய்தி. உம்முத்தர்தா(ரலி) அவர்கள் தம்மைக் கவனித்துக்கொள்ளாமல் கசங்கிய ஆடையில் இருந்ததைப் பார்த்து ஸல்மான்(ரலி) காரணம் கேட்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. அன்றிரவு அங்கேயே தங்கிய ஸல்மான்(ரலி), இறைவனுக்கும், உன் உடலுக்கும், உன் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்று அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்கள் உறுதி செய்தார்கள். புகாரியில் இருக்கிறது. வணக்கத்தில் மூழ்கிய கணவருக்கே இந்த அறிவுரை என்றால், போனில் மூழ்கியவர்கள் தங்களுக்கு என்ன அறிவுரை என்று யோசித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கடிவாளம். பயணம் வேதனையில் ஒரு பகுதி, போன காரியம் முடிந்ததும் சீக்கிரம் குடும்பத்திடம் திரும்புங்கள் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் நபிமொழி உண்டு. ஆக, போகலாம். பொய் சொல்லாமல், பொறுப்பானவரிடம் ஒப்படைத்து, சொன்ன நேரத்தில் திரும்ப வேண்டும்.

பெரியம்மா

ஒப்படைப்பது யாரிடம்? ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டு உம்ராவை முடித்து நபி(ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா(ரலி) அவர்களின் சின்ன மகள் "சிறிய தந்தையே" என்று கூப்பிட்டபடி பின்னால் ஓடி வந்தார். அந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது என்று அலீ, ஜஅஃபர், ஸைத்(ரலி) மூவரும் போட்டி போட்டார்கள். அனாதைப் பிள்ளையை வளர்க்க மூன்று பேர் போட்டி போட்ட காலம்! ஜஅஃபர்(ரலி) அவர்களின் மனைவி அந்தக் குழந்தையின் தாயோடு பிறந்தவர். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று சொல்லி நபியவர்கள் அவர்களிடமே கொடுத்தார்கள்.

நம் தமிழ் இதை எப்போதோ பெயரிலேயே வைத்துவிட்டது. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. இரண்டிலும் அம்மா இருக்கிறார்.

எங்கள் பிள்ளைகளின் பெரியம்மா புளியம்பட்டியில் இருக்கிறார். இந்த முறை அவரை எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னோம். பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விடவில்லை. அம்மாவும் இல்லை, வீடும் வேறு, படுக்கையும் வேறு என்றால் சின்னப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்று இழப்பு. அதற்கு முந்தைய மாதம் இரண்டு முறை அவர் வந்து இரவு தங்கினார். அப்போது நாங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, தூங்க வைப்பதை மட்டும் அவரிடம் விட்டோம். நன்னிமாவும் கூட இருந்தார்கள். ஆனால் தூக்கி நடக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. வயதானவர்களைச் சம்பளமில்லாத ஆயாவாக நினைக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அவர்கள் முழங்காலுக்கும் நம் மீது உரிமை இருக்கிறது. பதிலுக்கு அடுத்த மாதம் பெரியம்மாவின் இரண்டு பையன்களும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். வீடு இரண்டாகிவிட்டது, அது வேறு கதை.

ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம்: சின்னவளுக்கு முந்திரி ஒத்துக்காது, காய்ச்சல் மருந்து எவ்வளவு என்று டாக்டர் எழுதிய சீட்டு எங்கே இருக்கிறது, பக்கத்து வீட்டு எண், ஆம்புலன்ஸ் 108. இதோடு 1098 என்ற எண்ணையும் மகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தோம், குழந்தைகள் உதவி கேட்கும் எண் அது. உறவினர் என்பதாலேயே யாரிடமும் பிள்ளையை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை ஒருவரிடம் போக மறுத்தால் அந்த மறுப்பைக் கேளுங்கள், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

ஐந்து பாங்கு

மகனுக்கு இப்போது ஐந்து வயது. நாளைக்கு, மறுநாள் என்பதெல்லாம் அவனுக்குக் குழப்பம். ஆனால் பாங்கு தெரியும். எங்கள் வீட்டுக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கும். ஒரு தாளில் ஐந்து வட்டம் போட்டுக் கொடுத்தோம். சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டுக் கிளம்புகிறோம். அஸர் பாங்கு சொன்னதும் ஒரு வட்டத்துக்குக் கலர் அடி. அப்புறம் மஃக்ரிப், இஷா. நீ தூங்கும்போது சுபுஹு, எழுந்ததும் அடி. அப்புறம் லுஹர். ஐந்தும் முடிந்து, அடுத்த அஸர் பாங்குக்கு முன்னால் வந்துவிடுவோம் என்று சொன்னோம்.

"முட்டாயி வாங்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டான். மூன்று வருடத்துக்கு முந்தையது அவனுக்கு நினைவிருக்காது, தற்செயலாகத்தான் கேட்டிருப்பான். எங்களுக்குத்தான் சுருக்கென்றது. வாங்கி வருவோம் என்றோம். கிளம்பும்போது சின்னவள் அழுதாள். மகனும் கொஞ்சம் அழுதான். ஒளியாமல், ஸலாம் சொல்லி, முத்தம் கொடுத்து, கேட்டைச் சாத்திவிட்டு வந்தோம். தெருமுனை வரை அழுகை கேட்டது. அங்கிருந்து போன் செய்தபோது நின்றிருந்தது.

அன்னூரிலிருந்து பேருந்தில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து குன்னூர். நாங்கள் ஆடம்பரமாக எதுவும் செய்யவில்லை. மலை ரயிலில் போக ஆசைதான். 1899 இல் குன்னூர் வரையும், 1908 இல் உதகை வரையும் வந்த 46 கிலோமீட்டர்ப் பாதை, பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் ரயில், 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது காலை 7.10க்குப் புறப்படும், டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுபது சொச்சம் கிலோமீட்டர் உதகை வரை போகிறவர்கள் தொழுகையைச் சுருக்கலாமா என்று எங்களைக் கேட்காதீர்கள். ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபினரும் நம் ஊரில் இருக்கிறோம். உங்கள் இமாமிடம் தூரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூரில் முதல் இரண்டு மணி நேரம் நாங்கள் பேசியது முழுக்கப் பிள்ளைகளைப் பற்றித்தான். சிரிப்பு வந்தது. 1874 இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபிறகு கொஞ்ச நேரம் இருவரும் எதுவுமே பேசவில்லை. பிறகு எங்களில் மனைவியானவர் மெதுவாகச் சொன்னார், மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு பல மாதம் காரணமில்லாமல் அழுகை வந்தது, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன் என்று. கணவருக்கு அது தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது. "ஏன் சொல்லல?" என்று கேட்டார். "எப்போங்க சொல்றது?" என்றார் மனைவி.

இந்தப் பயணத்தால் எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பேச்சு. பிரசவத்துக்குப் பிறகு இப்படி வாரக்கணக்கில் அழுகையும் வெறுமையும் தொடர்ந்தால் அது ஈமான் குறைவு அல்ல, கண்ணேறும் அல்ல. மருத்துவம் உள்ள நோய். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னாலே வழிகாட்டுவார்கள். நம் வீட்டுப் பெண்களிடம், பெற்ற ஒரு வருடத்துக்குள், "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் நில்லுங்கள், ஆண்களே.

சுபுஹு தொழுகையில் ஸஜ்தாவுக்குப் போனபோது முதுகில் யாரும் ஏறவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது, கூடவே என்னவோ குறைந்த மாதிரியும் இருந்தது. பேத்தி உமாமாவைச் சுமந்தபடி நபியவர்கள் தொழுததும், குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாயின் தவிப்பை நினைத்துத் தொழுகையைச் சுருக்கியதும் எங்களுக்கு அந்த வெறும் அறையில் ஞாபகம் வந்தது.

போக முடியாதவர்கள்

நம் ஜமாஅத்தில் கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் உண்டு. அக்கா தங்கை இல்லாதவர்கள், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து உறவே இல்லாமல் இருப்பவர்கள், ஒரு நாள் கூலி போனால் அடுத்த வாரம் இடிக்கும் குடும்பங்கள் உண்டு. குன்னூர் போய் வாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்வது கேலி.

குர்ஆன் வீட்டுக்குள்ளேயே ஒரு வழி வைத்திருக்கிறது. அந்நூர் 58 ஆம் வசனம், சுபுஹுக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வயதுக்கு வராத சிறுவர்களும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. பெற்றோருக்கென்று ஒரு கதவும், கதவுக்கென்று ஒரு நேரமும் உண்டு என்பதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. ஒற்றை அறை வீட்டில் கதவு எங்கே என்று கேட்பீர்கள். இஷாவுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கியதும் போன் இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டு அரை மணி நேரம் வாசல் திண்ணை போதும். வெளிநாட்டில் இருப்பவர், பிள்ளைகளோடு பேசும் வீடியோ அழைப்பு முடிந்தபின் மனைவிக்கென்று தனியாக ஒரு முறை கூப்பிடலாம்.

இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு அரை நாள் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை வகுப்பில் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். சேர விரும்பும் சகோதரிகள் அடுத்த வகுப்பில் பெயர் கொடுங்கள்.

ஆண்களுக்கு இன்னொன்று. வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா(ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு இரவு மலைக்குக் கூட்டிப்போய்விட்டு, மற்ற நாளெல்லாம் தண்ணீர் டம்ளரைக் கூடக் கையில் கேட்பவருக்கு அந்த ஒரு இரவு எதையும் ஈடு செய்யாது. எங்களில் கணவரானவர் இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறார்.

ஆறாவது வட்டம்

ஞாயிறு லுஹரைக் குன்னூர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு உடனே பேருந்து ஏறினோம். வர்க்கி ஒரு பொட்டலம், மிட்டாய் ஒரு பொட்டலம் பையில். நான்கு மணிக்குள் வீடு என்று கணக்கு. பர்லியார் தாண்டுவதற்குள் மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மணி மூன்று, மூன்றரை, நான்கு. அஸருக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது.

பெரியம்மாவுக்குப் போன் போட்டோம். "அவன்கிட்டச் சொல்ல வேண்டாம், நான் பேச்சுக் கொடுத்துச் சமாளிச்சுக்கறேன்" என்றார், நல்லெண்ணத்தில்தான். வேண்டாம், அவனிடம் கொடுங்கள் என்றோம். "கண்ணு, அத்தா சொன்ன நேரத்துக்கு வர முடியல. ரோட்டுல வண்டி நிக்குது. அஸர் பாங்கு சொல்லிருவாங்க. மஃக்ரிப் பாங்குக்கு முன்னாடி வந்துருவோம். தப்பு எங்களோடதுதான்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிங்க அத்தா" என்றான். அழுகிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்னூரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மஃக்ரிபுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சின்னவள் ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். மகள் வர்க்கிப் பையை வாங்கிக்கொண்டாள். மகன் அந்தத் தாளை எடுத்து வந்து காட்டினான். ஐந்து வட்டத்திலும் கலர் அடித்திருந்தது. ஐந்தாவதுக்குப் பக்கத்தில், கோணல்மாணலாக, அவனே ஆறாவதாக ஒன்று போட்டு அதற்கும் பச்சைக் கலர் அடித்திருந்தான்.

"இது அஸருங்க அத்தா," என்றான். பிறகு மிட்டாய் எங்கே என்று கேட்டான்.